அழாத குழந்தையும் நம் கடமையும்

(மும்பை தாராவியில் சங்கத்தின் மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிறந்த பிள்ளை அழவில்லை என்றால் நாம் என்ன சொல்கிறோம்? "கொடி சுற்றிப் பிறந்தது, மாமனுக்கு ஆகாது" என்கிறோம். பெற்றவளின் ராசியைப் பழிக்கிறோம். ஊரிலிருந்து பெட்டி படுக்கையோடு இந்தப் பேச்சையும் சுமந்து வந்துவிட்டோம். இன்றோடு இறக்கி வைப்போம். 100 பிரசவங்களில் ஏறத்தாழ 20இல் கொடி கழுத்தைச் சுற்றித்தான் இருக்கிறது. அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் நலமாகவே பிறக்கிறார்கள்.

உண்மை என்ன? வயிற்றுப் பிள்ளைக்குப் பிராணவாயு தாயின் இரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாக வருகிறது. பிரசவம் நெடுநேரம் இழுத்தால், நஞ்சுக்கொடி முன்னதாகப் பிரிந்தால், தொப்புள்கொடி நசுங்கினால் அந்த வரவு குறைகிறது. வீட்டில் வைத்து வலி ஊசி போடுவதும் ஆபத்து. கருப்பை ஓயாமல் இறுகி, குழந்தைக்குப் போகும் இரத்தத்தைத் தடுக்கும். பிராணவாயு இல்லாவிட்டால் மூளை சில நிமிடங்களிலேயே கெடத் தொடங்கும். பிழைத்தாலும் வலிப்பும் கைகால் விறைப்பும் வாழ்நாள் முழுதும் தொடரலாம். அப்படிப்பட்ட பிள்ளையைத் தோளில் சுமக்கும் தாய்மார்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் செய்த குற்றம் ஒன்றுமில்லை.

10 குழந்தைகளில் ஒன்றுக்கு மூச்சைத் தொடங்க உதவி தேவைப்படுகிறது. தலைகீழாகத் தூக்கி அடிப்பதும் தண்ணீர் தெளிப்பதும் உதவியல்ல. உலர்ந்த துணியால் துடைத்து முதுகைத் தேய்க்க வேண்டும். அப்படியும் மூச்சு வராவிட்டால், 1 நிமிடத்துக்குள் முகமூடியும் பையும் கொண்டு காற்றூட்ட வேண்டும். நிறைமாதக் குழந்தைக்குப் பெரும்பாலும் சாதாரணக் காற்றே போதும். பெரிய எந்திரம் வேண்டாம். பழகிய கை வேண்டும்.

ஆகவே பிரசவம் வீட்டில் வேண்டாம். குழந்தையின் அசைவு குறைந்தாலோ, பனிக்குட நீர் பச்சையாக வந்தாலோ, இரத்தம் போனாலோ, விடியட்டும் என்று காத்திராதீர்கள். 2011இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி அரசு மருத்துவமனையில் பிரசவம், அறுவைச் சிகிச்சை, மருந்து, உணவு, வாகனம் எல்லாம் இலவசம். நோயுற்ற பச்சிளங்குழந்தைக்கும் சிகிச்சை இலவசம். மொழி தெரியாதே என்று ஒதுங்காதீர்கள். மொழி தெரிந்தவர் துணைக்கு வர, ஒவ்வொரு சந்திலும் இரண்டு பேர் முறை வைத்துக்கொள்வோம்.

பிரசவ அறை வாசலில் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "குழந்தை அழாவிட்டால் காற்றூட்டப் பழகியவர் இப்போது உள்ளே இருக்கிறாரா?" நள்ளிரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் "இருக்கிறார்" என்ற பதில் வரும்வரை சங்கமாகச் சேர்ந்து கேட்போம்.

நாம் கேட்பது பிச்சையல்ல. இந்த நகரத்துக்கு உழைத்தவர்களின் பிள்ளைக்கு உரிய முதல் நிமிடம்!