அழைத்தால் மட்டும் வேலை

கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையில் அமைந்த தலவில, புனித அன்னம்மாள் திருத்தலத்தால் பெயர் பெற்ற ஊர். அக்கரையோரத்து மீனவருக்குக் கரைவலை பழந்தொழில். படகிலே வலையைக் கொண்டுசென்று கடலில் வளைத்துவிட்டு, இருபுறக் கயிறுகளையும் பலர் சேர்ந்து கரையிலிருந்து இழுப்பர். தென்மேற்குப் பருவக்காற்றால் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் வலை வாடியிலே கிடக்கும். இழுப்பவருக்கும் வேலை இராது. மார்ச்சிலும் ஆகஸ்டிலும் திருவிழாக் கூடும்போது கடைகளிலும் சமையற்கூடங்களிலும் சில நாள் வேலை கிடைக்கும். கூட்டம் கலைந்ததும் அதுவும் முடிந்துவிடும்.

மேல்நாடுகளில் இத்தகைய நிலையற்ற வேலைக்கு ஒப்பந்த வடிவம் கொடுத்துள்ளனர். அதுவே பூச்சிய மணி ஒப்பந்தம். வாரத்திற்கு இத்தனை மணி நேரம் வேலை தருவதாக முதலாளி உறுதி கூறுவதில்லை; அழைத்தால் வேலை, அழைக்காவிடில் ஊதியம் இல்லை.

இதில் நன்மையும் உண்டு. படிக்கும் இளைஞர், சிறு குழந்தைகளின் தாய்மார், வேறு தொழிலுடையோர் ஆகியோர் தமக்கு வாய்த்த வேளையில் உழைக்கலாம். சிறு வியாபாரியும் வேலையற்ற நாளுக்குச் சம்பளம் கொடுத்து நலிய வேண்டியதில்லை. ஆயினும் இதனையே நம்பி வாழும் குடும்பத்தலைவன் அடுத்த வார வருவாயை அறியான். ஒருமுறை வர மறுத்தால் மறுமுறை அழைப்பு வாராதோ என்று அஞ்சுகிறான்.

கரைவலைக்கும் இவ்வொப்பந்தத்திற்கும் உள்ள வேற்றுமையை இங்கு நோக்குதல் வேண்டும். மீன் படாவிடில் சம்மாட்டிக்கும் நட்டம், இழுத்தவருக்கும் நட்டம். மிகுதியாகப் பட்டால் இருவருக்கும் பங்கு உண்டு. பூச்சிய மணி ஒப்பந்தத்திலோ வேலையின்மையின் சுமை தொழிலாளி தலையில் மட்டும் விழுகிறது. இலாபம் பெருகும் நாளில் அவனுக்குக் கூலிக்கு மேற்பட்ட பங்கு இல்லை.

இதற்குப் பரிகாரம் புதிதன்று. பிரித்தானியத் துறைமுகங்களில் 1947 இலும், இந்தியாவில் 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியிலும் ஏற்பட்ட திட்டங்கள், வேலைக்கு ஆயத்தமாக வந்தும் வேலை பெறாத தொழிலாளிக்கு வருகைப்படி அளித்தன. பூச்சிய மணித் தொழிலாளி பிறரிடம் வேலை செய்யலாகாது என்னும் நிபந்தனை பிரித்தானியாவில் 2015 முதல் செல்லாததாயிற்று. இலங்கையின் 1958 ஆம் ஆண்டு ஊழியர் சேமலாப நிதிச் சட்டமும் தற்காலிக ஊழியரை விலக்கவில்லை. மீனவருக்கென ஓய்வூதிய, சமூகப் பாதுகாப்புத் திட்டம் அமைக்க 1990 இல் தனிச் சட்டம் பிறந்தது.

நெகிழ்வான வேலையை ஒழிக்க வேண்டுவதில்லை. ஆனால் அழைப்புக்காகக் காத்திருக்கும் நேரமும் தொழிலாளியின் ஆயுளில் ஒரு பகுதியே. அவனைக் காத்திருக்கச் செய்பவர் அதற்குரிய விலையையும் கொடுத்தல் நியாயமாகும்.