லாங்கேக் குன்றுகளில் ஒரு நாள்



இத்தாலி நாட்டின் வடமேற்கே, பீட்மாண்ட் மாநிலத்தில், ஆல்பா என்னும் சிறு நகரைச் சூழ்ந்து லாங்கேக் குன்றுகள் அலையலையாக எழுந்து நிற்கின்றன. சரிவெங்கும் திராட்சைக் கொடிகள், உச்சிதோறும் சிற்றூர்கள். 2014-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுச் செல்வமாக ஏற்றுக்கொண்ட நிலப்பரப்பில் இக்குன்றுகளும் அடங்கும். திராட்சையைத் தாமே பயிரிட்டு, தம் வீட்டு நிலவறையிலேயே மதுவாக்கும் குடும்பங்களை அங்கு ஒரு நாள் கண்டு வந்தேன். மது என்ற சொல் நம்மில் பலருக்கு உவப்பாயிராது. நான் பேச முன்வந்தது குடியைப் பற்றியன்று, குடியானவரைப் பற்றி.

காலையில் கண்டது, தானரோ ஆற்றின் மேலே அமைந்த பார்பரெஸ்கோ என்னும் ஊர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இக்குன்றுகளில் வறுமை மிகுந்திருந்தது. இளைஞர் பலர் டூரின் நகரத்து மோட்டார் ஆலைகளை நாடிச் சென்றனர். சிறு நிலக்காரர் தனித்து நின்று பிழைத்தல் அரிது என்பதை உணர்ந்த ஊர்ப் பாதிரியார் பியோரினோ மாரெங்கோ, 1958-இல் 19 உழவர்களை ஒன்றுகூட்டிக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை நிறுவினார். முதல் மூன்று ஆண்டுகளின் மது மாதா கோயிலின் அடித்தளத்திலேயே உருவாயிற்று. இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அச்சங்கத்தில் உள்ளன.

பிற்பகலில் ஆல்பாவைக் கடந்து பாரோலோ வட்டாரத்தை அடைந்தோம். அங்கே ஒரு குடும்பத்தார் எங்களை வரவேற்றனர். மேலே வீடு, கீழே நிலவறை. நெப்பியோலோ என்பது அவர்கள் வளர்க்கும் திராட்சை. நெப்பியா என்றால் மூடுபனி. குன்றுகளைப் பனி மூடும் அக்டோபரில்தான் அது பெரும்பாலும் அறுவடைக்கு வருகிறது. புதிதாக நட்ட கொடி மூன்று ஆண்டுகளுக்குப் பின்னரே பயன் தரும். பாரோலோ என்னும் பெயர் பெற வேண்டுமாயின், மது 38 மாதங்கள் முதிர வேண்டும். அவற்றுள் 18 மாதங்கள் மரப்பீப்பாயில் கழிய வேண்டும். இது சட்டம். அதுவரை செலவு உண்டு, வரவு இல்லை. விருந்தினர் மதுவை நாவில் உருட்டிச் சுவையறிந்து, அருகிலுள்ள கலத்தில் உமிழ்ந்துவிடலாம். அதை எவரும் குறையாகக் கருதுவதில்லை.

வீட்டுப் பெரியவர் சொன்னார்: “என் தமையன்மார் இருவரும் டூரினுக்குப் போனார்கள். கடைக்குட்டியான நான் கொடிகளோடு தங்கிவிட்டேன். அன்று இந்நிலத்தை இனாமாகக் கொடுத்தாலும் வாங்க ஆளில்லை.”

இன்றோ பாரோலோவின் பெயர்பெற்ற சரிவுகளில் ஒரு ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர், பத்து லட்சம் யூரோவுக்கு மேல் விலைபோகிறது. உழைத்து ஈட்டும் வருவாயால் உடன்பிறந்தாரின் பங்கை விலைகொடுத்து வாங்குவது உழவனுக்கு எளிதன்று. ஒருவர் பங்கு கேட்டால் நிலத்தை விற்பதன்றி வேறு வழி காண்பது கடினம். வாங்க வருபவரோ பெருஞ்செல்வர். வறுமையில் விற்காத நிலத்தை வளம் வந்த பின் விற்க நேர்கிறது. பிறந்த ஊரில் பங்கு நிலம் வைத்து வெளியூரில் வாழும் நேயர்களுக்கு இவ்வழக்கு புதிதாய்த் தோன்றாது.

அவ்வீட்டில் இதுவரை பாகப்பிரிவினை நிகழவில்லை. தமையன்மாரின் மக்கள் ஆண்டுதோறும் அறுவடைக்கு வந்து கைகொடுத்து, தம் பங்குக்குப் புட்டிகளை எடுத்துச் செல்கிறார்களாம். “அவர்களுடைய பிள்ளைகளும் இவ்வாறே இசைவார்களா?” என்று கேட்டேன். பெரியவர் உடனே விடை கூறவில்லை. கீழே சரிவில் புதிதாக நட்டிருந்த இளங்கொடிகளைச் சுட்டிக்காட்டினார். அவற்றை அவ்வாண்டு நட்டவள் அவருடைய பேத்தி.