மேட்டு மழையும் பள்ளத்து வயலும்



இலக்கியம் பேசும் இம்மன்றத்தில் மழைத்தண்ணீரைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு நிலவுடைமையாளனை அழைத்த அன்பர்களுக்கு முதற்கண் என் வந்தனம். ஆனி ஆடியில் தென்மேற்குப் பருவமும் ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமும் தவறாமல் வந்து அருள்புரியும் பாக்கியம் பெற்ற பிரதேசம் நமது நாஞ்சில் நாடு. கன்னிப்பூ என்றும் கும்பப்பூ என்றும் இரண்டு போகம் விளைவித்து வாழ்ந்த இம்மண்ணின் மக்களுக்கு மழை எந்நாளும் விரோதியாக இருந்ததில்லை. அதனை விரோதியாக்கிய காரியத்தைச் செய்தவர்கள் நாமே என்பதைத்தான் நான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

நம் முன்னோர் தண்ணீரை நடத்திய முறையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். சுருளகோட்டுப் பக்கத்திலிருந்து இறங்கி, கோட்டாற்றையும் சுசீந்திரத்தையும் தொட்டு, மணக்குடியிலே கடலைச் சேரும் பழையாற்றின் இருமருங்கிலும் குளத்துக்குக் குளம் தொடுத்து, ஒன்று நிரம்பினால் அதன் மறுகால் அடுத்ததற்குப் பாயுமாறு அவர்கள் அமைத்து வைத்தார்கள். 1897-இல் வேலை தொடங்கி 1906-இல் முடிந்த பேச்சிப்பாறை அணையின் தண்ணீரும் பின்னாளில் இந்த ஏற்பாட்டுக்குள்தான் வந்து சேர்ந்தது. சுசீந்திரம், தேரூர்க் குளங்களும் வேம்பனூர் நீர்நிலையும் 2022-ஆம் ஆண்டில் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்று உலகத்தின் கவனத்துக்கு வந்துள்ளன. அந்தக் குளங்களுக்குத் தண்ணீர் கொண்டுசெல்லும் ஓடைகளையும் கால்களையும் கவனிப்பார்தான் இல்லை.

என் வயலுக்கு மேற்கே, சாலையை ஒட்டி, நேற்றுவரை நெல் விளைந்த பூமியில் இன்று ஒரு வணிக வளாகம் நிற்கிறது. யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை. இத்தகைய கட்டடங்கள் இன்று நாகர்கோவிலைச் சுற்றி எத்திசையிலும் இருக்கின்றன. லாரி லாரியாகச் செம்மண் கொட்டி, ஓர் ஆள் உயரத்துக்கு நிலத்தை மேடாக்கி, வாகனங்கள் நிற்பதற்கென்று முற்றம் முழுவதும் சிமெண்டுக் கற்கள் பாவி, நாற்புறமும் மதில் எழுப்பி, அம்மதிலின் அடியில் என் வயலைப் பார்த்து இரண்டு குழாய்களையும் வைத்துவிட்டார்கள். ஐப்பசியில் ஓர் இரவு மழை பெய்தது. விடியற்காலையில் போய்ப் பார்த்தால், கும்பப்பூவுக்கு நட்டுப் பச்சை பிடித்திருந்த பயிரின்மேல் செங்குழம்பு படிந்து, நாற்றின் நுனி மட்டும் ஆங்காங்கே தெரிய, வரப்போரத்துத் தண்ணீரில் வண்டி எண்ணெய் ஏழு நிறத்தில் மிதந்துகொண்டிருந்தது. வண்டல் வந்தால் விவசாயி சந்தோஷப்படுவான். வந்தது வண்டல் அல்லவே!

“மழை பெய்தால் தண்ணீர் பள்ளத்துக்குத்தான் வரும், அதற்கு நாங்கள் என்ன செய்ய?” என்று அவர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயம் போலத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் தோன்றாது. ஒரு சென்ட் நிலத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 400 லிட்டர் தண்ணீர் சேரும். ஐம்பது சென்ட் மனையில் பத்து சென்டிமீட்டர் மழையென்றால் 2 லட்சம் லிட்டர். அதே ஐம்பது சென்ட் வயலாக இருந்த காலத்தில் வரப்புக்குள் அந்த மழையைத் தேக்கி, கொஞ்சம் குடித்து, மிச்சத்தை மெல்ல மெல்லக் கீழே விட்டது. கூரையும் கல்தளமும் ஒரு துளியையும் குடிப்பதில்லை. ஒரு பகலும் ஓர் இரவுமாக வரவேண்டிய வெள்ளத்தை இரண்டொரு மணி நேரத்தில் குழாய்வழியே கொட்டித் தீர்த்துவிடுகின்றன.

மேல்நிலத்தில் இயல்பாக விழுந்து, வரையறுத்த வாய்க்கால் வழியாக அல்லாமல் ஓடிவரும் மழைநீரைக் கீழ்நிலத்தான் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் ஒப்புக்கொண்ட தர்மம். அதை நான் மறுக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக ஏற்றுவந்தவர்கள் நாங்கள். ஆயின், மண்ணடித்து உயர்த்தி, கல்பாவி, ஓரிடத்தில் திரட்டி, குழாய் வைத்துத் தள்ளுகிற தண்ணீரை இயல்பாக ஓடிவந்த தண்ணீர் என்று எந்த நியாயஸ்தலத்தில் சொல்ல முடியும்? சென்ற நூற்றாண்டுக்கும் முன்னர், கார்வேட்டிநகரம் ஜமீனிலே பழைய ஏரிகள் மழையால் உடைந்து ரயில்பாதையைச் சேதப்படுத்தியபோது, அவ்வேரிகளைப் பராமரிப்பது ஜமீன்தாரின் கடமை, அவரிடம் கவனக்குறைவு இல்லை, ஆகவே அவர் நஷ்டஈடு தரவேண்டியதில்லை என்று 1874-இல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. ஊருக்காகத் தண்ணீரைத் தேக்கி, ஜாக்கிரதையாகப் பாதுகாத்தவனுக்குச் சட்டம் அன்று தயை காட்டியது. தன் மனையின் தண்ணீரை அயலான் தலையில் கொட்டுகிறவன் அந்தத் தயையைக் கேட்கலாகாது.

எங்கள் வயற்காட்டில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. மழைநீர் மிகுந்தால் வரப்பிலுள்ள வாமடையைத் திறந்துவிடுவதற்கு முன், கீழ்வயற்காரரிடம் ஆள் அனுப்பி, “அண்ணாச்சி, உரம் போட்டாச்சா?” என்று கேட்போம். போட்டிருந்தால், உரம் அடித்துக்கொண்டு போகாதபடி இன்னும் ஒரு நாள் எங்கள் பயிரிலேயே தண்ணீரைத் தாங்கிக்கொள்வோம். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகளுக்குள்ளும் இந்தக் கேள்வி மட்டும் நின்றதில்லை. கோடிக்கணக்கில் முதலீடு செய்து கட்டடம் எழுப்புகிறவர்கள் அப்படி ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்பதுதான், பயிர் போன துக்கத்தைக் காட்டிலும், என் நெஞ்சில் பெரிதாக நிற்கிறது.

வியாபாரம் வேண்டாம், கட்டடம் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. என் பிள்ளைகளும் அக்கடைகளில்தான் துணி வாங்குகிறார்கள். 2003-ஆம் ஆண்டிலேயே மழைநீர் சேகரிப்பு இந்த மாநிலத்தில் கட்டாயமாக்கப்பட்டது. அதற்காகத் தோண்டிய குழி மண்மூடிக் கிடக்கிறதா, உண்மையில் தண்ணீரை வாங்குகிறதா என்று ஐப்பசிக்கு முன்னே யாரேனும் போய்ப் பார்த்தால், பாதிச் சங்கடம் அங்கேயே தீரும்.

ஆகையால் சபையோர்களே, ஒரு தீர்மானத்தை உங்கள் முன் வைக்கிறேன். வயலை ஒட்டி எழும் எந்த வணிகக் கட்டடத்துக்கும் அனுமதி வழங்குமுன், மாநகராட்சியானாலும் ஊராட்சியானாலும், புலப்படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கீழ்நிலத்துக்காரரையும் உடன் அழைத்து, ஓடை எது, கால் எது, மறுகால் எங்கே போகிறது என்று நடந்து பார்க்க வேண்டும். அந்த மனையில் விழும் மழையை அந்த மனையிலேயே தேக்கிவைத்து நிதானமாக ஓடையில் விடுவதற்குரிய தொட்டியும் வடிகாலும் கட்டி முடித்த பின்னரே கட்டடம் திறக்கப்பட வேண்டும். மண்ணடித்து மூடிய ஓடைகளைக் கும்பப்பூ நடவுக்கு முன்னதாக மீட்டுத்தர வேண்டும். இதனை நான் முன்மொழிகிறேன். வழிமொழிய விரும்பும் அன்பர் எழுந்து தம் ஊரின் பெயரையும் குளத்தின் பெயரையும் சொல்லுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.