இறந்தவர் கணக்கும் இருப்பவர் கடமையும்

(நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

இம்மேடையில் பக்தியைப் பற்றியும் பண்பாட்டைப் பற்றியும் அறிஞர் பலர் பேசக் கேட்டிருக்கிறோம். பல்கலைக்கழகப் படிப்பையே இன்னும் முடிக்காத நாம், தலை நரைத்த பெரியோர் வீற்றிருக்கும் இச்சபையில் மரணத்தைப் பற்றிப் பேச முற்படுவது அதிகப்பிரசங்கித்தனம் என்று தோன்றலாம். ஆனால் நாம் பேச வந்தது மரணத்தைப் பற்றியன்று. மரணத்திற்குப் பின் வீட்டில் மிஞ்சும் கடதாசிகளைப் பற்றி.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக் கொள்வோம். 'எஸ்டேட்' என்றதும் ஊவாவில் பிறந்த நமக்குத் தேயிலை மலையும் லயமும் பெரட்டுக் களமுமே கண்முன் வரும். சட்டத்திலோ, ஒருவர் இறக்கும்போது விட்டுச் செல்லும் சொத்தும் கடனும் சேர்ந்ததே அவருடைய எஸ்டேட். ஆயிரம் ஏக்கர் ஆண்டவருக்கும் எஸ்டேட் உண்டு. ஒரு டிரங்குப் பெட்டியும் சேமலாப நிதியும் தவிர வேறொன்றும் இல்லாத தொழிலாளிக்கும் எஸ்டேட் உண்டு. வாழ்நாள் முழுவதும் பிறருடைய எஸ்டேட்டில் உழைத்தவர், இறந்த அன்றுதான் தமக்கென ஓர் எஸ்டேட்டை உடையவராகிறார்!

அதைப் பொறுப்பேற்று நடத்துபவரை மரணசாதனத்தில் இறந்தவரே குறித்திருந்தால், அவர் நிறைவேற்றுநர். சாதனம் இல்லாமல் நீதிமன்றம் நியமித்தால், அவர் நிருவாகி. பெயர் இரண்டானாலும் வேலை ஒன்றே: சொத்தைத் திரட்டுதல், கடனையும் வரியையும் தீர்த்தல், மிஞ்சியதை உரியவர்க்குக் கொடுத்தல், கணக்கு ஒப்புவித்தல். நாம் மிஷன் பாடசாலையில் படித்த நாளில், எஜமான் கணக்குக் கேட்டபோது விழித்த உக்கிராணக்காரன் கதையைச் சொல்லித் தருவார்கள். இங்கே எஜமான் கண்மூடிவிட்டார். கணக்குக் கேட்க அவர் வரமாட்டார் என்பதே இந்தப் பதவியின் ஆபத்து.

இனி வரிக்கு வருவோம். இறந்தவரின் சொத்துக்கு வரி விதிக்கும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலம் இருந்தது. 'எஸ்டேட் டியூட்டி' எனப்பட்ட அந்த மரணச்சொத்து வரிக்கு 1919 இல் ஒரு கட்டளைச் சட்டமும், 1938 இல் இன்னொரு கட்டளைச் சட்டமும் வந்தன. இந்தியாவில் 1953 இல் இதற்குச் சட்டம் இயற்றி, 1985 இல் நீக்கினார்கள். இலங்கையிலும் 1980களில் அது நீக்கப்பட்டது. இங்கிலாந்தில் மரபுரிமை வரி இன்றும் உண்டு.

அந்த வரியால் எழுந்த வழக்கொன்றை இந்து இளைஞராகிய நாம் அறிந்திருப்பது நல்லது. நாட்டுக்கோட்டைச் செட்டியார் சமூகத்தைச் சேர்ந்த அருணாசலம் செட்டியார் என்பவருக்கு இலங்கையிலும் சொத்து இருந்தது. அவரும் அவருடைய மகனும் பிரிவினை செய்யாத இந்துக் கூட்டுக்குடும்பத்தினர். மகன் 1934 இல் இறந்தார். தகப்பனாரும் 1938 இல் இறந்தார். வீட்டில் எஞ்சியவர்கள் பெண்கள் மட்டுமே. அவ்வாண்டு வந்த புதிய சட்டத்தில் ஒரு விதி இருந்தது: கூட்டுக்குடும்பத்தின் பொதுச்சொத்து என்று நிரூபிக்கப்பட்டால் அச்சொத்துக்கு வரி இல்லை. அரசாங்கம் கேட்டது: "மகன் போனபின் ஆண்களில் தனி ஒருவராய் நின்ற இவரைக் கூட்டுக்குடும்பத்தின் அங்கத்தவர் என்று எப்படிச் சொல்வது? தனி ஒருவர் சொத்துத்தானே இது?"

வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. 1957 இல் தீர்ப்பு வந்தது. ஆண் ஒருவரே எஞ்சினாலும், கணவனை இழந்த பெண்கள் சுவீகாரத்தினால் குடும்பத்தைத் தொடரச் செய்ய முடியும்; ஆகவே குடும்பம் அற்றுப்போகவில்லை; சொத்தும் கூட்டுக்குடும்பச் சொத்தே என்று நீதிபதிகள் முடிவு செய்தார்கள். இத்தீர்ப்பை இந்திய உச்ச நீதிமன்றம் 1966 இல் வேறொரு வரி வழக்கில் எடுத்தாண்டது.

அன்பர்களே, இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். மரணம் 1938; முடிவு 1957. இடையில் 19 ஆண்டுகள்! அத்தனை காலமும் யாரோ சிலர் இறந்தவர் சார்பில் கடதாசிகளைக் கட்டிக் காத்து, கேட்டபோதெல்லாம் கொண்டுவந்து காட்டியிருக்க வேண்டும். இரண்டாவது, 'நிரூபிக்கப்பட்டால்' என்ற அந்த ஒரு சொல். உண்மை உங்கள் பக்கம் இருந்தால் மட்டும் போதாது. எழுத்தும் உங்கள் பக்கம் இருக்க வேண்டும். பேரேடும் ஐந்தொகையும் பிசகாமல் எழுதிவைப்பது செட்டியார்களின் பரம்பரைப் பழக்கம்.

"இது பணக்காரர் கதை, லயத்திலே பிறந்த நமக்கு இதனால் என்ன?" என்று பின்வரிசையில் யாரோ கேட்பது காதில் விழுகிறது. சொல்லுகிறோம்.

நமது பெரியப்பா பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்து, ஓய்வுபெறும் முன்பே காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் பெரியம்மா டிரங்குப் பெட்டியை எம்முன் வைத்து, "நீதானேப்பா படிச்ச பிள்ளை, பார்த்துச் செய்" என்றார். காணி இல்லை, வீடு இல்லை, மரணசாதனம் இல்லை. ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கை நிதி, தோட்டம் தரவேண்டிய பணிக்கொடை ஆகிய மூன்றும்தான் அவருடைய எஸ்டேட். இவை தருமப் பணம் அல்ல. 1958 இல் வந்த சட்டத்தின்படி தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு 8 பங்கும், தோட்டம் 12 பங்கும் மாதாமாதம் சேர்த்த பணம் சேமலாப நிதி. நம்பிக்கை நிதி 1980 இன் சட்டத்தால் வந்தது. பணிக்கொடை 1983 இன் சட்டத்தால் வந்தது.

பெட்டியைத் திறந்தோம். செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு பெயர், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் மூன்றாவது பெயர். முத்தன், முத்தையா, முத்துசாமி என்று வைத்துக் கொள்ளுங்களேன்! வீட்டில் அழைத்த பெயரைக் கணக்கப்பிள்ளை ஒருவிதமாகவும், கிளாக்கர் ஒருவிதமாகவும், சிங்களத்தில் எழுதிய பதிவாளர் இன்னொருவிதமாகவும் எழுதிவிட்டார்கள். நிதிக்கு அவர் நியமித்திருந்தவர் அவருடைய தாயார். விவாகத்திற்கு முன் எழுதியது. அந்தப் பாட்டி இறந்து எத்தனையோ வருடமாயிற்று. விவாகமோ கோவிலில் தாலி கட்டியதோடு சரி, பதிவு இல்லை.

காரியாலயம் ஒன்றிலிருந்து மூன்று முறை திருப்பி அனுப்பப்பட்டோம். நான்காவது முறை திரும்பி வந்ததற்கு நாமே காரணம். அவசரத்தில் பெரியப்பாவின் பெயரை விண்ணப்பத்தில் சுருக்கி எழுதிவிட்டோம். மூன்று பெயரோடு நான்காவது பெயரையும் சேர்த்துக் கொடுத்த புண்ணியம் படித்த பிள்ளையைச் சேர்ந்தது! அதனால் மேலும் நான்கு மாதம் போயிற்று. அந்த நான்கு மாதமும் பெரியம்மா அடகுக் கடைக்கு வட்டி கட்டினார். அதை எம்மிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பிறர் சொல்லித்தான் அறிந்தோம்.

கடைசியில், மூவரும் ஒருவரே என்று கிராம உத்தியோகத்தரின் கடிதமும், சமாதான நீதவான் முன் செய்த சத்தியக் கடதாசியும், தோட்ட ஆபீஸின் உறுதிக் கடிதமும் கொடுத்துப் பணம் வந்தது. வந்ததும் அடுத்த சங்கடம். "தங்கச்சிக்குக் கட்டிக் கொடுக்கும்போதே செய்துவிட்டோம், இனி என்ன பங்கு?" என்றார் அண்ணன். யாழ்ப்பாணத்தாருக்குத் தேசவழமை உண்டு. மலைநாட்டுத் தமிழருக்கு உரியது பொதுச்சட்டம். 1876 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி, சாதனம் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் பாதி வாழ்க்கைத் துணைக்கு. மறுபாதி பிள்ளைகளுக்கு ஆண் பெண் பேதமின்றிச் சமமாக. இதை எடுத்துச் சொன்னபோது அண்ணன் இரண்டு நாள் எம்மோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே தங்கையின் வீட்டுக்குப் போய்ப் பங்கைக் கொடுத்து வந்தார். அவருக்குப் பேராசை இல்லை. சட்டம் தெரியாதிருந்தது, அவ்வளவுதான்.

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது லயங்கள் உயிர்களோடு மண்ணுள் போயின. உள்ளே இருந்த பெட்டிகளும் போயின. அதற்குப் பின்னும் கடதாசி அற்ப விஷயம் என்று நாம் சொல்லலாமா?

ஆகவே, யாரேனும் உங்களிடம் இப்பொறுப்பை ஒப்படைத்தால் செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்லுகிறோம். முதலாவதாக, மரணத்தைப் பதிவு செய்து, சான்றிதழில் ஒவ்வோர் எழுத்தையும் அடையாள அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்பே வாங்குங்கள். பிரதிகள் பல எடுத்து வையுங்கள். இரண்டாவதாக, ஒரு கொப்பியில் இறந்தவருக்கு வரவேண்டியதை ஒரு பக்கமும், அவர் கொடுக்க வேண்டியதை மறுபக்கமும் எழுதுங்கள். மூன்றாவதாக, மரணசாதனம் இருந்தாலும், சொத்தின் பெறுமதி சட்டம் குறித்த தொகைக்கு மேற்பட்டாலும், சட்டத்தரணியின் யோசனையோடு மாவட்ட நீதிமன்றத்தை நாடுங்கள். நான்காவதாக, இறந்தவர் வருமான வரி கட்டவேண்டியவராயின், இறக்கும் வரையிலான கணக்கை அவருக்காக உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் சமர்ப்பியுங்கள். ஐந்தாவதாக, கடனும் வரியும் தீர்ந்த பின்பே பங்கு. முதலில் பங்கிட்டுவிட்டுப் பின்னர் விழித்தால், நிறைவேற்றுநர் தம் கையிலிருந்து கட்ட நேரிடலாம். கடைசியாக, காரியச் செலவு முதல் பஸ் கட்டணம் வரை எழுதி, எல்லோர் முன்னிலையிலும் வாசித்துக் காட்டுங்கள். சந்தேகத்திற்கு அதைவிட நல்ல மருந்து இல்லை.

மரணச்சொத்து வரி ஒழிந்ததே என்று நிம்மதி கொள்ளவும் வேண்டாம். 2023 இல் சர்வதேச நாணய நிதியத்தோடு இலங்கை செய்துகொண்ட திட்டத்தில், மரபுரிமைக்கும் நன்கொடைக்கும் வரி விதிக்கும் யோசனை மறுபடியும் இடம்பெற்றது. வரி வரலாம், போகலாம்; எழுத்து இல்லாதவன் எந்தக் காலத்திலும் நஷ்டப்படுவான்.

பெரியோர்களே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். நீங்கள் இருக்கும்போதே பெயரைத் திருத்துங்கள், விவாகத்தைப் பதியுங்கள், நியமனத்தைப் புதுப்பியுங்கள், பெட்டி எங்கே இருக்கிறது என்று மனைவி மக்களுக்குச் சொல்லுங்கள். சாவைப் பேசினால் சாவு வரும் என்ற அச்சம் வேண்டாம். பேசாதிருந்த பெரியப்பாவும் போய்த்தான் சேர்ந்தார்.

இளைஞர்களே, உங்களிடம் ஒரு யோசனை. மாதம் ஒருநாள், போயா தினத்தில், நம்மில் நால்வர் சங்க மண்டபத்தில் ஒரு மேசை போட்டு அமர்வோம். ஹாலிஎல, தெமோதரை, நமுனுகுல, லுணுகலைத் தோட்டங்களிலிருந்து வருபவர்களின் கடதாசிகளை வாசித்துச் சொல்வோம்; விண்ணப்பங்களை நிறைத்துக் கொடுப்போம். கூலி வாங்க வேண்டாம். பெயரை மட்டும் சுருக்காமல் எழுதுவோம்!

கொள்ளி வைப்பதோடு மகனின் கடமை முடிவதில்லை. கணக்கு முடித்து, உரியவர் கையில் உரியதைக் கொடுத்த பின்பே முடிகிறது.