சேற்றில் உறங்கும் செல்வம்

 

சேறு என்றால் இழிவு என்று நமக்குக் கற்பிக்கப்பட்டது. சேற்றில் உழைத்த நாமும் இழிந்தவர் எனப்பட்டோம். அச்சேற்றைப் பற்றி அறிவியல் கூறுவதை இன்று சிறிது காண்போம்.

சிதம்பரத்திற்கு அருகே, வெள்ளாற்று முகத்துவாரத்திற்கும் கொள்ளிட முகத்துவாரத்திற்கும் இடையில் பிச்சாவரம் அலையாத்திக் காடு உள்ளது. சுரபுன்னையும் கண்டலும் அங்கே உப்புநீரில் செழிக்கின்றன. இலைகள் காற்றிலுள்ள கரியமில வாயுவை ஈர்க்கின்றன. அதிலுள்ள கரியே மரமும் வேருமாக வளர்கிறது. உதிர்ந்த இலைகளில் சிலவற்றை நண்டுகள் வளைக்குள் இழுத்துச் செல்கின்றன; சில மட்கி இறாலுக்கும் மீன்குஞ்சுக்கும் இரையாகின்றன; சிலவற்றை ஓதம் கடலுக்குக் கொண்டு செல்கிறது. எஞ்சியவை, மடிந்த வேர்களோடு சேற்றில் புதைகின்றன.

வயலில் விழும் சருகு விரைவில் மட்கி மீண்டும் வாயுவாகிவிடும். நீர் ஊறிய சேற்றிலோ பிராணவாயு இல்லை. ஆதலால் அங்கே நுண்ணுயிர்கள் மிக மெதுவாகவே அவற்றைச் சிதைக்கின்றன. மேலே வண்டல் படியப் படிய, கரி நூற்றாண்டுக் கணக்கில் அடியிலேயே தங்குகிறது. இந்து-பசிபிக் வட்டாரத்து அலையாத்திக் காடுகளைப் பற்றி 2011இல் வெளியான ஆய்வு, ஒரு எக்டேருக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,000 டன் கரி இருப்பதாகக் கண்டது. அதில் பெரும்பங்கு இருந்தது மரத்தில் அன்று, மண்ணில்!

மாணவர்கள் ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். 12 பங்கு கரி, 32 பங்கு பிராணவாயுவோடு கூடி 44 பங்கு கரியமில வாயு ஆகிறது. ஆகவே அச்சேற்றைத் தோண்டிக் காற்றுப்படச் செய்தால், சிதையும் ஒவ்வொரு டன் கரியும் ஏறத்தாழ 3.67 டன் வாயுவாக வெளியேறும்.

கடலோர மண்ணைக் கெடுத்தால் முதலில் துன்புறுவோர் யாவர்? 1990களில் நாகைக் கடலோரத்தில் இறால் பண்ணைகள் பெருகியபோது, நிலமற்ற நம் மக்கள் வயல்வேலை இழந்தனர், குடிநீர் உவர்த்தது. சர்வோதயத் தொண்டர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்திலிருந்த அத்தகைய பண்ணைகளை அகற்றுமாறு 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆயினும் 2005ஆம் ஆண்டுச் சட்டம், பதிவு பெற்று அவற்றை நடத்த வழி செய்தது. தீர்ப்போடு விழிப்பும் வேண்டும் என்பதே இதன் பாடம்.

கெட்டதைச் சீராக்கவும் முடியும். பிச்சாவரத்தில் முற்காலத்தில் மரம் வெட்டிய இடங்கள் பள்ளமாயின. தேங்கிய நீர் வற்றி உப்பு மிகுந்ததால் கன்றுகள் பிழைக்கவில்லை. 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களைச் சேர்த்துக்கொண்டு மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி, ஓதநீர் வந்து போகச் செய்தன. காடு மீண்டும் தழைத்தது. நீரின் ஓட்டமறிந்து வாய்க்கால் வெட்டும் அறிவு, மண்வெட்டி பிடித்த கைகளுக்குப் புதிதன்று.

இளைஞர்களே! இன்று இக்கரிக்கும் உலகச் சந்தையில் விலை பேசப்படுகிறது. அளப்பவர் யார், பயன் பெறுபவர் யார் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. கேட்பதற்குக் கல்வி வேண்டும். வேதியியலும் தாவரவியலும் நில அளவையும் பயிலுங்கள். சேற்றில் உழைத்தோரின் பிள்ளைகள் அச்சேற்றின் மதிப்பை அளப்போராகவும் உயர வேண்டும்.