பாட்டு கேட்கத் தெரியணும்!

(சென்னை மயிலாப்பூரில் நடந்த குழுப் பொறுப்பாளர்கள் பயிற்சியில் பேசியதன் எழுத்து வடிவம்)



விடியக்காலையிலேயே பஸ் ஏறி, ரயில் மாறி இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. காலையில் கணக்குப் பதிவேடு பற்றிப் பேசினோம், கொஞ்சம் களைப்பாத்தான் இருக்கும். அதனால சாப்பாட்டுக்கு அப்புறம் பாட்டு பற்றிப் பேசலாம்னு வெச்சிருக்கோம். கேட்க விளையாட்டா இருந்தாலும் நம்ம வியாபாரத்துக்கும் மரியாதைக்கும் சம்பந்தப்பட்ட விஷயம் இது.

நாம எழுதிக் கொடுத்தா இசையோட பாட்டாவே போட்டுத் தருகிற செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இப்போ செல்போனுக்குள்ளேயே வந்திருக்கு. சுனோ என்று ஒன்று 2023 கடைசியில் பரவலாக வந்தது. யூடியோ என்று இன்னொன்று 2024 ஏப்ரலில் வந்தது. வாத்தியக்காரர், பாடகர், ஸ்டூடியோ எதுவும் வேண்டாம். ஒரு நிமிஷத்துக்குள்ளே பாட்டு வந்துவிடும்.

"நமக்கு எதுக்குங்க இது?" என்று பின்வரிசையில் ஒரு அம்மா கேட்கிறாங்க. நல்ல கேள்வி. நுங்கம்பாக்கம் அன்னை தெரசா மகளிர் வளாகத்தில் நம்ம பொருட்களுக்கு விற்பனைக் கண்காட்சி நடக்கிறது. வரிசையாகக் கடை. எல்லாக் கடையிலும் ஊறுகாய், எல்லாக் கடையிலும் சத்துமாவு. நடந்து போகிறவர் ஒரு நொடி நின்று திரும்பிப் பார்க்க நம்ம கடையில் ஒரு பாட்டு இருந்தால் நல்லதுதானே? குழு ஆண்டு விழா, டெங்கு விழிப்புணர்வு, சேமிப்புப் பிரச்சாரம் என்று பாட்டு தேவைப்படுகிற இடம் நமக்கு நிறைய இருக்கு.

ஆனால் இந்தக் கருவியிடம் கேட்கத் தெரியணும். கேட்கத் தெரியாமல் கேட்டால் யாரோ பாடின மாதிரி, எந்த ஊருக்கும் சொந்தமில்லாத ஒரு பாட்டு வரும். இந்தக் கேட்கிற குறிப்பைத்தான் 'பிராம்ப்ட்' என்று சொல்றாங்க.

சூழலைச் சொல்லுங்க

இங்கேயிருந்து தி.நகர் பக்கம்தான். அங்கே கவிஞர் கண்ணதாசன் வாழ்ந்த ஹென்ஸ்மன் சாலைக்கு இப்போ கண்ணதாசன் சாலை என்று பெயர். அவரும் மெல்லிசை மன்னர் எம்.எஸ். விஸ்வநாதனும் சேர்ந்து கொடுத்த பாட்டுக்குக் கணக்கே இல்லை. சினிமாவில் பாட்டு எப்படிப் பிறக்கும் தெரியுமா? டைரக்டர் வந்து முதலில் சூழலைச் சொல்வார். யார் பாடுறாங்க, யாரைப் பார்த்துப் பாடுறாங்க, மனசில் சந்தோஷமா துக்கமா, ராத்திரியா பகலா என்று எல்லாம் சொல்வார். அதைக் கேட்ட பிறகுதான் மெட்டு, அதன் பிறகுதான் வரி. சில நேரம் வரி முதலில், மெட்டு அப்புறம். எப்படி இருந்தாலும் சூழல் இல்லாமல் பாட்டு இல்லை.

"நல்ல பாட்டா ஒண்ணு போடுங்க" என்று மட்டும் சொன்னால் எவ்வளவு பெரிய இசையமைப்பாளரும் என்ன செய்வார்? இயந்திரமும் அப்படித்தான். இந்தக் கருவிக்கு முன்னால் நீங்கதான் டைரக்டர்.

ஐந்து விஷயம்

விரல் விட்டு எண்ணிக்கொள்ளுங்க, ஐந்தே விஷயம்தான்.

ஒன்று, யார் பாடுறாங்க? ஒரு பெண்ணா, பத்துப் பெண்கள் சேர்ந்தா, வயசான அம்மா குரலா, சின்னப் பிள்ளை குரலா?

இரண்டு, எதற்காக, எங்கே? கடையில் போடவா, ஊர்வலத்தில் நடந்துகொண்டே பாடவா, தொட்டில் பக்கத்திலா?

மூன்று, எந்த வகை? கும்மியா, கோலாட்டமா, தெம்மாங்கா, தாலாட்டா, நடவுப் பாட்டா?

நான்கு, என்ன வேகம், என்ன நடை?

ஐந்து, என்ன வாத்தியம்? பறையா, உறுமியா, பம்பையா, நாதஸ்வரம் தவிலா, வெறும் கைத்தட்டல் மட்டுமா? என்ன வாத்தியம் வேண்டாம் என்பதையும் சொல்லணும். சொல்லாமல் விட்டால் கிட்டாரும் டிரம்சும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இதில் எதுவும் உங்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. மயிலாப்பூரிலும் தி.நகரிலும் மார்கழி வந்தால் சபா சபாவாகக் கச்சேரி நடக்கும். இங்கே பக்கத்தில் இருக்கிற மியூசிக் அகாடமி 1928இல் தொடங்கியது. அடையாறில் ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவை 1936இல் தொடங்கினார். அங்கெல்லாம் ராகம், தாளம், காலப்பிரமாணம் என்று சொல்வாங்க. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற மாமி தொடையில் தட்டித் தாளம் போட்டுக்கொண்டே கேட்பார். நாம கும்மியடிக்கும்போது கையிலும் காலிலும் போடுவது என்ன? அதுவும் தாளம்தான். அவங்க பெயர் வைத்துச் சொல்றாங்க, நாம பெயர் சொல்லாமல் செய்றோம். இயந்திரத்துக்குச் செய்து காட்ட முடியாது, சொல்லித்தான் ஆகணும். அதனால நம்ம கை செய்வதை வாயால் சொல்லப் பழகணும்.

வேகத்தை அளப்பது எப்படி?

இது ரொம்பச் சுலபம். பாட்டை மனசுக்குள் பாடிக்கொண்டே கை தட்டுங்க. ஒருத்தர் கடிகாரம் பார்க்கட்டும். 15 வினாடியில் எத்தனை தட்டு விழுந்தது? அதை 4ஆல் பெருக்குங்க. 25 தட்டு என்றால் நிமிஷத்துக்கு 100. 17 தட்டு என்றால் 68. இதைத்தான் இசைக்காரர்கள் 'பி.பி.எம்.' என்கிறார்கள். தொட்டில் ஆட்டுகிற வேகம் 70க்குப் பக்கத்தில் இருக்கும். சுற்றிச் சுற்றி அடிக்கிற கும்மி 100க்கு மேலே போகும். நீங்களே இப்போ தட்டிப் பாருங்க. வட்டிக் கணக்குப் போடத் தெரிந்தவங்களுக்கு இது ஒரு கணக்கா?

நடையையும் சொல்லணும். கும்மிக்கு மூன்று மூன்றாக விழும் நடை பொருத்தமாக இருக்கும். அதற்குத் திஸ்ரம் என்று பெயர். நாலு நாலாக விழுந்தால் சதுஸ்ரம். இதைச் சொல்லாமல் விட்டால், இயந்திரம் பெரும்பாலும் சினிமாப் பாட்டு போல நாலு நடையில்தான் போடும். அப்புறம் கும்மியடிக்கக் கால் வராது.

ஒரு குறிப்பு எழுதிப் பார்க்கலாம்

சத்துமாவு விற்கிற குழுவுக்கு ஒரு பாட்டு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

"சத்துமாவு பற்றி அழகான தமிழ்ப் பாட்டு." இப்படிக் கேட்டால் என்ன வேகம், யார் குரல் என்று எதுவும் தெரியாமல் இயந்திரம் தன் இஷ்டத்துக்கு ஏதாவது போடும்.

இப்போ இப்படி எழுதுங்க: "தமிழ்நாட்டுக் கிராமத்துப் பெண்கள் வட்டமாக நின்று அடிக்கும் கும்மி. நாற்பது வயசுப் பெண் ஒரு வரி பாட, பத்துப் பெண்கள் திருப்பிப் பாடணும். மூன்று நடை, நிமிஷத்துக்கு 108 தட்டு. கைத்தட்டலும் உறுமியும் மட்டும். கிட்டார், டிரம்ஸ் வேண்டாம். உற்சாகமான, சிரிப்பு கலந்த குரல். சின்னப் பாட்டு, சந்தையில் போட."

எத்தனை வித்தியாசம் பாருங்க!

சுனோ போன்ற கருவியில் இரண்டு பெட்டி இருக்கும். ஒன்று பாட்டு வரிக்கு, இன்னொன்று பாணிக்கு. மேலே சொன்ன குறிப்பு பாணிப் பெட்டிக்குப் போகணும். அதை ஆங்கிலத்தில் எழுதினால் கருவிக்கு நன்றாகப் புரிகிறது. வீட்டில் படிக்கிற பிள்ளையிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். 'தெம்மாங்கு' என்று பெயர் மட்டும் போட்டால் அதற்குப் புரியாமல் போகலாம். தெம்மாங்கு எப்படி இருக்கும் என்று விவரித்து எழுதுவதுதான் பாதுகாப்பு.

வரிகளை மட்டும் நீங்களே எழுதுங்க. அதை இயந்திரத்திடம் விடாதீங்க. நம்ம குழு கதை அதற்கு எப்படித் தெரியும்? பெரிய கவிதை தேவையில்லை. நான் ஒன்று சொல்கிறேன்:

கம்பு இடிச்சோம் கேழ்வரகு பொடைச்சோம்
கையால வறுத்து மாவரைச்சோம்
கலப்படம் இல்லாத சத்துமாவு – எங்க
கணக்கும் சுத்தம் வாங்கிப் பாரு!

இதைவிட நல்லா நீங்க எழுதுவீங்க. நடவு நட்டுக்கொண்டே வரி கட்டின பரம்பரை நம்முடையது.

எழுதும்போது சில விஷயம் கவனிக்கணும். வரி சின்னதாக இருக்கணும். எண்ணை எழுத்தால் எழுதணும். 50 ரூபாய் என்று போடாமல் ஐம்பது ரூபா என்று எழுதுங்க. ழ, ள, ற உச்சரிப்பு பிசகும். 'பழம்' என்பதைப் 'பலம்' என்று பாடினால் அர்த்தமே மாறிவிடும். அப்படிப் பாடினால் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு வேறு சொல் போடுங்க. பல்லவி எது, சரணம் எது என்று பிரித்துக் காட்டுங்க. ஒவ்வொரு தடவையும் இரண்டு விதமாகப் போட்டுத் தரும் கருவியும் உண்டு. குழுவாக உட்கார்ந்து கேட்டு, ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றி மறுபடி கேளுங்க. குழம்பில் உப்பு, புளி, காரம் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது சரியாச்சு என்று தெரியாது இல்லையா?

யார் குரல் என்று கேளுங்க

இனிமேல் சொல்வதை ரொம்பக் கவனமாகக் கேட்கணும்.

மாம்பலத்துக்கு அடுத்த ஸ்டேஷன் கோடம்பாக்கம். அங்கேதான் ஏ.ஆர். ரகுமானின் ஸ்டூடியோ இருக்கிறது. 2024 பிப்ரவரியில் வந்த 'லால் சலாம்' படத்தில் ஒரு பாட்டுக்கு, மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவர் குரலையும் செயற்கை நுண்ணறிவால் திரும்பக் கொண்டுவந்தார். இரண்டு குடும்பத்திடமும் அனுமதி வாங்கி, உரிய சன்மானமும் கொடுத்ததாக அவரே வெளிப்படையாகச் சொன்னார். அதே ஆண்டு 'கோட்' படத்தில் யுவன் சங்கர் ராஜா, மறைந்த தன் அக்கா பவதாரிணியின் குரலை இதே மாதிரி பயன்படுத்தினார்.

இன்னொரு பக்கமும் பாருங்க. எஸ்.பி. பாலசுப்ரமணியம் 2020இல் காலமானார். அவர் குரலைச் செயற்கையாக உண்டாக்கி, குடும்பத்தைக் கேட்காமல் ஒரு தெலுங்குப் படத்தில் பயன்படுத்தியதாக, 2024 தொடக்கத்தில் அவர் மகன் எஸ்.பி. சரண் சட்ட நோட்டீஸ் அனுப்பினார். நுங்கம்பாக்கத்தில் அவர் வாழ்ந்த தெருவுக்கு இப்போ அவர் பெயரையே வைத்திருக்காங்க. அவ்வளவு மரியாதைக்குரிய குரல். கேட்காமல் எடுத்தால் வருத்தம் வராதா?

அதனால "இன்ன பாடகர் குரலில் போடு" என்று குறிப்பில் எழுதாதீங்க. பல கருவிகள் அதை ஏற்கவும் ஏற்காது. எந்த மாதிரிக் குரல் என்று விவரித்தாலே போதும். சினிமா மெட்டில் நம்ம வரியைப் போட்டு விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதும் கூடாது. எழுதியவர் இறந்து 60 ஆண்டு வரை பாட்டுக்கு உரிமை உண்டு என்பது நம் நாட்டுச் சட்டம்.

காசு விஷயமும் இருக்கு. இலவசக் கணக்கில் போட்ட பாட்டை வியாபாரத்துக்குப் பயன்படுத்த சுனோவில் அனுமதி இல்லை. சந்தா கட்டினவர்களுக்குத்தான் அந்த அனுமதி. கடன் பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டோம் இல்லையா? இதிலும் விதிமுறையைப் படித்துவிட்டுத்தான் கடையில் பாட்டைப் போடணும். இந்தக் கருவிகளைப் பழக்கத் தங்கள் பாட்டைக் கேட்காமல் எடுத்தார்கள் என்று யுனிவர்சல், சோனி, வார்னர் கம்பெனிகள் 2024 ஜூனில் அமெரிக்காவில் வழக்குப் போட்டன. 2025 கடைசியில் சில வழக்குகள் சமரசமாகின. பெரிய கம்பெனிக்கு வக்கீல் இருக்கார். நம்ம ஊர்ப் பாட்டிக்கு யார் இருக்கா?

உங்க ஊரில் நடவுப் பாட்டும் தாலாட்டும் பாடுகிற வயசான அம்மா ஒருத்தராவது இருப்பாங்க. அவங்க பாடினதை செல்போனில் பதிவு செய்து கருவியில் ஏற்றுவதற்கு முன்னால் அவங்களிடம் கேளுங்க. எதற்கு, எங்கே போகும் என்று புரிய வைங்க. வேண்டாம் என்றால் விட்டுவிடுங்க. சரி என்றால், யார் பாடினது, என்ன கொடுக்கிறோம் என்பதைத் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்க. அவங்க பாட்டு எழுத்தில் எங்கேயும் இல்லை. அது இருப்பதற்கு நம்ம நோட்டுதான் முதல் சாட்சி.

இன்னொன்று. ஊர் விழாவுக்கு வருஷா வருஷம் பறையடிக்கிற அண்ணன் இருக்கார், நாதஸ்வரம் வாசிக்கிறவர் இருக்கார். செல்போன் பாட்டு வந்துவிட்டது என்று அவங்க கூலியில் கை வைக்காதீங்க. கருவியை ஒத்திகைக்கு வைத்துக்கொள்ளுங்க. அது போட்ட மெட்டைக் கேட்டுக் கற்றுக்கொண்டு, மேடையில் நீங்களே பாடுங்க, அவங்களே வாசிக்கட்டும். நம்ம கடைக்கு முன்னால் பத்துப் பெண்கள் நேரில் கும்மியடித்தால் நிற்கிற கூட்டம் எந்த ஸ்பீக்கருக்கும் நிற்காது.

அடுத்த கூட்டத்தில் செய்யுங்க

அடுத்த வாரக் கூட்டத்தில் சேமிப்பு வசூல் முடிந்ததும் பத்து நிமிஷம் ஒதுக்குங்க. ஆளுக்கு ஒரு வரி சொல்லுங்க, செயலாளர் எழுதட்டும். கை தட்டி வேகத்தை அளங்க. அந்த ஐந்து விஷயத்தையும் ஒரு தாளில் நிரப்புங்க. அதன் பிறகு செல்போனை எடுத்தால் போதும்.

கடன் கேட்க வங்கிக்குப் போனபோது எவ்வளவு, எதற்கு, எப்படிக் கட்டுவோம் என்று தெளிவாகச் சொல்லக் கற்றுக்கொண்டோம். பாட்டு கேட்கவும் அப்படியே தெளிவாகச் சொல்லுவோம். அது யாருடையது என்று முதலில் கேட்டுவிட்டு எடுப்போம்.