முதுமையும் தொலைக்காட்சியும்

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



இந்த மண்டபத்தில் பேசுவதென்றால் எங்களுக்கு இன்னும் கொஞ்சம் நடுக்கம்தான். பேச்சுப் போட்டியில் நேரம் முடிந்துவிட்டதென்று மணி அடித்து எங்களை இறக்கிவிட்ட அதே மேடை இது. இன்றைக்கும் மணி தயாராக இருக்கிறதாம். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறோம்.

எங்கள் வகுப்புக்குத் தரப்பட்ட தலைப்பு "முதுமையில் ஓய்வுநேரம்." எங்கள் வகுப்பில் வைத்தியர்களும் தாதியரும் ஆசிரியைகளும் வங்கியில் வேலை செய்பவர்களும் இருக்கிறோம். எல்லோருமாகக் கூடிக் கதைத்து எழுதிய பேச்சு இது. மேடையில் நிற்பவர் ஒருவர் என்றாலும் பேசுவது நாங்கள்தான்.

முதியவர்களின் ஓய்வுநேரம் என்றதும் தோட்டம், தையல், வாசிப்பு, கோயில் என்று அழகாக ஒரு பட்டியல் போடலாம். ஆனால் கிளினிக்கில் "பகல் முழுக்க என்ன செய்யிறனீங்கள் அம்மா?" என்று கேட்டால் பெரும்பாலும் வருகிற விடை ஒன்றுதான்: "ரீவி பாக்கிறன் டொக்டர்." சிலர் அதைக் களவு செய்து பிடிபட்டவர்கள் போலத் தலையைக் குனிந்துகொண்டு சொல்வார்கள். அந்தக் குனிவைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

இலங்கையில் 1979 இல் ஐ.ரி.என். தொடங்கியது; 1982 பெப்ரவரியில் ரூபவாகினி தொடங்கியது. எங்களில் மூத்தவர்களே அப்போது கைக்குழந்தைகள். யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு நினைவிருப்பது உயர்ந்த இரும்புக் குழாயின் நுனியில் கட்டிய அன்ரனாவும், அதை ஒருவர் திருப்ப, உள்ளிருந்து மற்றவர் "காணும், காணும், கொஞ்சம் திருப்பி விடுங்கோ" என்று கத்துவதும்தான். இந்தியத் தூரதர்ஷன் வந்து விழும். 1987 இல் இராமாயணத் தொடர் இந்தியில் ஓடியபோது மொழி விளங்காவிட்டாலும் கதை தெரியும் என்று அம்மம்மாமார் பார்த்தார்கள். ஒழுங்கைக்கு ஒரு வீட்டில்தான் பெட்டி. அந்த வீட்டு விறாந்தையில் பாய் விரித்து அயலெல்லாம் இருக்கும். பார்த்ததைவிடக் கதைத்தது கூட.

பிறகு 1990 இல் மின்சாரம் போனது. நாங்கள் ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்ட வீடுகள் எங்கள் வீடுகள். தொலைக்காட்சிப் பெட்டி அப்போது சேலைத்துண்டு போர்த்தி மூலையில் இருந்தது. மின்சாரம் திரும்ப வந்து, கேபிளும் செய்மதித் தட்டும் வந்தபோது அயலில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. முன்பு ஒரு பெட்டிக்கு இருபது பேர். இப்போது ஒரு பெட்டிக்கு ஒருவர். எங்கள் தாய்மாருக்கு நடந்தது அதுதான்.

இனி ஒரு கதை. இது எங்கள் கணித ரீச்சருடையது. அவரிடம் சம்மதம் கேட்டபோது, "பேரைச் சொல்லாதேங்கோ, மற்றதெல்லாம் சொல்லுங்கோ" என்றார்.

ரீச்சருக்கு எண்பதை நெருங்கும் வயது. பிள்ளைகள் மூவரும் மூன்று நாட்டில். வீட்டில் தனிய. காலையில் பக்திப் பாடல்களோடு தொடங்கும் தொலைக்காட்சி இரவு நாடகங்களோடுதான் முடியும். நாளுக்குப் பத்து மணித்தியாலம் வரும். நீரிழிவுக்கு எங்களிடம் காட்ட வரும்போதெல்லாம் "ரீவியைக் குறையுங்கோ ரீச்சர்" என்போம். ஒருநாள் அவர் கேட்டார்: "குறைச்சுப்போட்டு?" எங்களிடம் விடை இருக்கவில்லை. மருந்துத் துண்டை எழுதிக் கொடுத்து அனுப்பினோம்.

ஒரு கார்த்திகை மாத மழை இரவு ஒன்பதரை மணியளவில் நாடகம் முடிந்து ரீச்சர் எழும்பியிருக்கிறார். கால் விறைத்துப் போயிருந்தது. அறையில் தொலைக்காட்சி வெளிச்சம் மட்டும்தான். நிலத்தில் கிடந்த வயரில் கால் தடக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. கைத்தொலைபேசி மேசையில். கூப்பிட்டுப் பார்த்தார். மழைச் சத்தத்திலும் தொலைக்காட்சிச் சத்தத்திலும் ஒருவருக்கும் கேட்கவில்லை.

லண்டனில் இருந்து மகள் எடுத்தார். பதில் இல்லை. "அம்மா நாடகத்தில இருப்பா, நாளைக்கு எடுப்பம்" என்று விட்டுவிட்டார். விடிந்தது. பக்கத்து வீட்டாருக்குத் தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது. ரீச்சர் எழும்பிவிட்டா என்று நினைத்தார்கள். எங்களில் ஒருவர் காலை ஏழு மணிக்கு அந்தப் படலையைக் கடந்துதான் வேலைக்குப் போனார். அவருக்கும் சத்தம் கேட்டது. அவரும் அப்படித்தான் நினைத்தார். பகல் பதினொரு மணிக்கு மரக்கறி கொண்டு வந்தவர் குரல் கொடுத்துப் பார்த்து, யன்னலால் எட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பதின்மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ரீச்சர் குளிர்ந்த சீமெந்து நிலத்தில் கிடந்திருக்கிறார்.

முதியவர் ஒருவர் விழுந்து நெடுநேரம் நிலத்தில் கிடந்தால் எலும்பு முறிவு மட்டுமல்ல ஆபத்து. உடலில் நீர் வற்றும். அழுந்திய இடத்தில் தோல் புண்ணாகும். நசிந்த தசையிலிருந்து வெளியேறும் பொருள்கள் சிறுநீரகத்தைத் தாக்கும். ரீச்சர் சத்திரசிகிச்சையைத் தாங்கினார். ஆனால் அந்தப் பதின்மூன்று மணித்தியாலம் எங்கள் வகுப்பையே உலுக்கிவிட்டது. அவர் உயிரோடு சுகமாக இருக்கிறார் என்பதற்கு நாங்கள் எல்லோரும் வைத்திருந்த அடையாளம் ஒரு பெட்டியின் சத்தம்!

வைத்தியர்களாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறோம். இங்கிலாந்தில் 50 வயதுக்கு மேற்பட்ட மூவாயிரத்துக்கும் அதிகமானோரை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்த ஆய்வொன்று 2019 இல் வெளியானது. நாளொன்றுக்கு மூன்றரை மணித்தியாலத்துக்கு மேல் தொலைக்காட்சி பார்த்தவர்களிடம், ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு சொற்களை நினைவில் வைக்கும் திறன் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் குறைந்திருந்தது. தொலைக்காட்சிதான் காரணம் என்று இதைக்கொண்டு அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பார்க்கும் நேரம் கூடக் கூட வாசிப்பும் நடையும் கதையும் குறைகின்றன என்பது எங்களுக்குத் தெரிந்ததே.

உடல் விஷயத்தில் சந்தேகம் குறைவு. அறுபது கடந்தால் தசை வேகமாகக் கரைகிறது; கதிரையில் இருக்க இருக்க இன்னும் கரைகிறது. 65 வயதுக்கு மேற்பட்டோர் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்யவேண்டும், வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைக்கும் தசைக்குமான பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 இல் சொன்னது. எண்பது வயது அம்மாவுக்கு இதை எப்படிச் சொல்வது? விளம்பரம் போடும்போதெல்லாம் எழும்பி நில்லுங்கோ என்கிறோம். கதிரையில் இருந்து எழும்பி இருப்பது ஐந்து தரம். பிறகு குசினி வரை ஒரு நடை. ஒரு நாடகத்தில் எத்தனை விளம்பரம் என்று உங்களுக்குத் தெரியும். விளம்பரத்தால் வேறு நன்மை இல்லை, இதாவது இருக்கட்டும்.

இன்னும் நாலு விஷயம். ஒன்று, இன்சுலினைப் போட்டுவிட்டு "நாடகம் முடியட்டும், சாப்பிடுவம்" என்று இருக்க வேண்டாம். சீனி இறங்கி மயங்கியவர்களைப் பார்த்திருக்கிறோம். இரண்டு, தொலைக்காட்சிச் சத்தம் ஆண்டுக்காண்டு கூடிக்கொண்டு போனால் காதைச் சோதியுங்கள். கேள்விக் குறைபாடு, பார்வைக் குறைபாடு, தனிமை மூன்றுமே மறதி நோய்க்கான, மாற்றக்கூடிய காரணிகளின் பட்டியலில் இருக்கின்றன. மூன்று, இருட்டில் பார்க்க வேண்டாம். ஒரு விளக்கு எரியட்டும், வயரைச் சுவரோடு ஒட்டிவிடுங்கள். நாலு, கதிரையில் நித்திரை கொண்டால் கட்டிலில் நித்திரை வராது. பிறகு நித்திரைக் குளிசை கேட்டு எங்களிடம் வருவீர்கள்.

ஆனால் தொலைக்காட்சியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நாங்கள் வரவில்லை. நடக்க முடியாத ஒருவர் நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளையும் கட்டிலில் இருந்தபடி பார்த்துக் கும்பிடுகிறார். பனிக்காலத்தில் ரொறன்ரோவில் மாடிவீட்டுக்குள் அடைபட்ட தாய்க்கு, வேலைக்குப் போன பிள்ளைகள் திரும்பும் வரை காதில் விழும் தமிழ் அந்தப் பெட்டியின் தமிழ்தான். வேறு ஒன்றையும் கையில் கொடுக்காமல் றிமோட்டைப் பறிப்பது வைத்தியமல்ல. அம்மா தனிய என்று கவலைப்பட்டு இன்னும் பெரிய திரையாக வாங்கி அனுப்பியவர்களும் நாங்கள்தானே. கோபிக்காதீர்கள்; எங்களில் பலரும் அதைச் செய்திருக்கிறோம்.

2022 இல் மணிக்கணக்காக மின்வெட்டு இருந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். அது கஷ்டகாலம், எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசை. அந்தக் காலம் திரும்ப வேண்டாம். ஆனால் அந்த மாலைகளில் ஒழுங்கைகளில் கதிரை வந்தது. வயதானவர்கள் படலையடியில் இருந்து கதைத்தார்கள். மின்சாரம் வந்ததும் கதிரை உள்ளே போய்விட்டது. ஆகவே அவர்கள் தேடுவது ஆட்களைத்தான். ஆட்கள் இல்லாத இடத்தில் பெட்டி இருக்கிறது.

ரீச்சர் வோக்கரோடு வீடு திரும்பியபோது யாழ்ப்பாணத்தில் இருக்கும் நாங்கள் முறை போட்டுக்கொண்டு காலை ஆறரைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுக்கத் தொடங்கினோம். இரண்டு நிமிடம்தான். மூன்றாம் கிழமை ரீச்சர் ஏசினார். "நீங்கள் வேலைக்குப் போற பிள்ளையள். உங்களுக்கு ஏன் இந்தக் கரைச்சல்? இடாப்புக் கூப்பிடுறது என்ர வேலை."

அன்றிலிருந்து ரீச்சர்தான் இடாப்புக் கூப்பிடுகிறார். தனிய இருக்கும் ஒன்பது பேர்; சிலர் எங்கள் பழைய மாணவிகள், சிலர் அயலவர். ஒரு சீ.ஆர். கொப்பியில் அடிமட்டம் வைத்துக் கோடு கீறி, பெயர் எழுதி, பதில் சொன்னவருக்கு ஒரு கோடு, சொல்லாதவருக்கு ஒரு வட்டம். வட்டம் விழுந்தால் பத்து நிமிடத்தில் எங்களில் ஒருவருக்கு அழைப்பு வரும். இதுவரை இரண்டு வட்டம் விழுந்திருக்கிறது. ஒன்று சார்ஜ் இல்லாத தொலைபேசி. மற்றது சீனி இறங்கி மயங்கிக் கிடந்த ஒருவர். அவர் இன்றைக்கு இந்த மண்டபத்தில் முன்வரிசையில் இருக்கிறார்.

ரீச்சர் நாடகம் பார்ப்பதை நிறுத்தவில்லை. நாலு மணித்தியாலம் பார்க்கிறார். நாங்கள் விரும்புவதைவிடக் கூடத்தான். ஆனால் காலையில் ஒன்பது பேரோடும் நேற்றைய கதையைக் கதைக்க வேண்டியிருக்கிறது. சனிக்கிழமை பின்னேரம் மூன்று பேர் அவருடைய விறாந்தைக்கு வருகிறார்கள். தேத்தண்ணி ஊற்ற ரீச்சர் எழும்பி நடக்கிறார். எங்கள் உடற்பயிற்சித் துண்டு செய்யாததை அந்தக் கேத்தில் செய்திருக்கிறது.

எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். நூற்றாண்டை நினைத்துச் சங்கம் மண்டபம் திருத்தும், புலமைப்பரிசில் கொடுக்கும், எல்லாம் நல்லது. அதோடு ஓர் இடாப்பும் தொடங்கட்டும். தனிய இருக்கும் எங்கள் ஆசிரியைகளும் பழைய மாணவிகளும் எங்கே இருக்கிறார்கள் என்று ஒவ்வொரு கிளையும் எழுதட்டும். இங்கே காலை ஆறரை என்றால் மெல்பேணில் முற்பகல், ரொறன்ரோவில் முதல்நாள் இரவு. லண்டன்காரருக்கு மட்டும் நடுச்சாமம். அவர்கள் மாலை இடாப்பை எடுக்கட்டும். இடாப்புக் கூப்பிடும் வேலையை வயதானவர்களிடமே கொடுங்கள். அவர்கள் எங்களைவிட நேரம் தவறாதவர்கள்.

உங்கள் அம்மாவோடு இன்றிரவு கதைக்கும்போது "ரீவியை நிப்பாட்டுங்கோ" என்று சொல்லாதீர்கள். "நாடகத்தில் இன்றைக்கு என்ன நடந்தது?" என்று கேளுங்கள். முழுவதையும் கேளுங்கள்.

மணி அடிக்கும் முன் முடித்துவிட்டோம் என்று நினைக்கிறோம்.